பாப்பா தரப்பு வக்கீல்

பேசத் தெரிந்தவர்களுக்காகப் பேசப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் உருகி உருகி அவர் சார்பில் வாதாடிக்கொண்டிருக்கும்போது அவரே எழுந்து நின்று, "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டுவிடுவார். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் வாய் திறக்காத கட்சிக்காரராகப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். சிலர் கடவுளுக்காகப் பேசுகிறார்கள்; அவர் இதுவரை மறுப்பு அறிக்கை விட்டதில்லை. சிலர் செத்துப்போன தலைவர்களுக்காகப் பேசுகிறார்கள். சிலர் மக்களுக்காக. இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர், மற்ற எல்லாரையும்விடக் குரலில் ஈரம் அதிகமுள்ளவர், அதனாலேயே யாரும் எதிர்த்துப் பேசத் துணியாதவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பாப்பா தரப்பு வக்கீல்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது எளிது. எங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறதோ அங்கே தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, சொந்தக் குரலை எங்கோ கழற்றி வைத்துவிட்டு ஒரு சன்னக் குரலை மாட்டிக்கொண்டு, "பாப்பா என்ன சொல்றான் தெரியுமா?" என்று தொடங்குவார். தெரியாது என்று நீங்கள் சொல்லும்வரை காத்திருக்க மாட்டார். பாப்பா சொல்வது எப்போதும் எழுவாய், பயனிலையோடு முழு வாக்கியமாக இருக்கும். "அம்மா, நீ ஃபோனைப் பாக்குறப்ப நான் இந்த உலகத்துலயே தனியா இருக்கிற மாதிரி எனக்குத் தோணுது" என்று நாலு மாதக் குழந்தை அவர் வாயால் சொல்லும்.

கவனித்தீர்களா, புகார் அம்மா மேல்தான். அப்பா எங்கே போனார் என்று எந்தப் பாப்பாவும் கேட்டதில்லை. அம்மாவுக்கு ஏன் இன்னும் கொஞ்சம் சம்பளத்தோடு விடுப்புத் தரவில்லை என்று எந்தப் பாப்பாவும் முதலாளியின் சட்டையைப் பிடித்ததில்லை. பாப்பாக்கள் எல்லாம் அவ்வளவு அடக்கமானவர்களா? அல்லது அந்த மனுக்களை மட்டும் வக்கீல் தாக்கல் செய்வதில்லையா?

விஷயம் பொய்யல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தைக்கும் மனம் உண்டு. அது பயப்படும், ஏங்கும், சலித்துக்கொள்ளும். யாரும் கண்டுகொள்ளாமலே கிடந்தால் ஒடுங்கிப்போகும். குழந்தைகளோடு வேலை செய்கிற நர்சுக்கும் டாக்டருக்கும் காப்பக ஊழியருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். இவ்வளவு நல்ல விஷயத்தின் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதால்தான் நம்மவர் இத்தனை உயரமாகத் தெரிகிறார்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தொழில், பயிற்சியாளர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஊர் ஊராகப் போய், கைக்குழந்தைகளின் மனநலம் பற்றி மருத்துவப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறார். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று அவர் பின்னாலேயே உருண்டு வரும். அதற்குள் ஒரு ரப்பர் பொம்மை இருக்கிறது. அதற்கு 'மாதிரிப் பாப்பா' என்று பெயர். வருடக்கணக்காகப் பழகியதில் அவருக்கு அந்தப் பொம்மை மேல் தனிப் பிரியம். அழாது, நனைக்காது, திருப்பிய பக்கம் பார்க்கும், சொல்லிக்கொடுத்ததை எல்லாம் உணரும். அவருக்குச் சொந்தமாக ஒரு மகனும் உண்டு. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை.

அந்த முறை பயிற்சி ஒரு மருத்துவமனையின் மேல்மாடிக் கூட்ட அறையில் நடந்தது. எல்லார் கழுத்திலும் பட்டை போட்ட அட்டை தொங்கியது. சுவரோரம் வெள்ளைத் தாள்களும் கலர் மார்க்கர்களும், மூலையில் பிஸ்கட் தட்டும், தலைக்கு மேலே பழைய மின்விசிறி ஒன்றும். நம்மவர் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு நடுவில் வந்து நின்றார். முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில், 'பாப்பா பேசுகிறான். நாம் கேட்கிறோமா?' என்று இருந்தது.

சரியாக அந்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பாப்பா பேசினான். "ஏஏ" என்றான்.

அறை முழுக்கத் திரும்பியது. கதவோரத்தில் ஒரு நர்ஸ், மடியில் ஐந்து மாதப் பையன்.

"சிஸ்டர்," என்றார் நம்மவர், சன்னக் குரலிலேயே. "குழந்தையைக் கொஞ்சம் வெளிய கொண்டு போயிருங்க. இங்க குழந்தைகளைப் பத்தி ஆழமாப் பேசிக்கிட்டிருக்கோம்."

"சார், பாத்துக்கிறதா இருந்த நாத்தனாருக்குக் காய்ச்சல். வீட்டுக்காரரும் வெளியூர்ல வேலையா இருக்கார். இவன் அமைதியாத்தான் இருப்பான்."

"சந்தோஷம். ஆனா அரை நாளுக்கு மேல அறையில இல்லேன்னா சான்றிதழ் கிடைக்காது. அது என் விதி. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். குழந்தைதான் ஒருத்திக்கு மட்டும் இருந்தது.

அந்தச் சான்றிதழ் அவளுக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். மருத்துவமனையில் தாய்-சேய் மனநலப் பிரிவு என்று ஒன்று புதிதாகத் தொடங்குகிறார்கள். பகல் வேலை மட்டும். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியவளுக்கு அங்கே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். இந்தப் பயிற்சிச் சான்றிதழைக் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் பழையபடி அவசரச் சிகிச்சைப் பிரிவு, இரவுப் பணி. ஐந்து மாதப் பிள்ளையை ராத்திரிகளில் யாரிடம் விடுவது? கைக்குழந்தைகளின் மனநலத்துக்கு இரவில் அம்மா பக்கத்தில் இருப்பது நல்லது என்று நம்மவரின் ஸ்லைடு ஒன்றிலேயே இருக்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. அப்போது வெளியே இருந்தாள்.

பயிற்சி அமோகமாக நடந்தது. ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்துக்குள் பாப்பா, பாப்பாவைச் சுற்றி அம்மா. அம்மா சிரித்தால் பாப்பாவின் மூளை வளரும், அம்மா முகம் சுளித்தால் பாப்பாவின் எதிர்காலம் சுளிக்கும் என்று அம்புக்குறிகள் பறந்தன. முன்வரிசையில் ஒரு குழந்தை மருத்துவர், பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பவர், கையைத் தூக்கினார்.

"சார், இதுல அப்பா எங்க?"

"அவர் அடுத்த ஸ்லைடுல வருவார், டாக்டர்."

அடுத்த ஸ்லைடில் 'தேநீர் இடைவேளை' என்று இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு நடிப்புப் பயிற்சி. கேள்வி கேட்டவரைத்தான் குழந்தையாக்க வேண்டும் என்பது இந்த இனத்தின் எழுதாத சட்டம்.

"டாக்டர், நீங்க இப்ப மூணு மாசக் குழந்தை. இந்தப் பாயில படுத்துக்குங்க."

"படுத்தா எந்திரிக்கிறது கஷ்டம் சார்."

"மூணு மாசக் குழந்தை பேசாது, டாக்டர்."

டாக்டர் படுத்தார். நம்மவர் பக்கத்தில் மண்டியிட்டார். "உங்க அம்மா உங்களைப் பாக்காமலே கடந்து போறாங்க. உள்ளுக்குள்ள என்ன நடக்குது?"

"இடுப்புல பிடிச்சுக்கிச்சு."

"அது உடம்பு. மனசுல?"

"தூக்கம் வருது சார். சாப்பிட்ட கையோட படுக்கச் சொல்லிட்டீங்க."

நம்மவர் முகம் மலர்ந்து எழுந்து நின்றார். "பாத்தீங்களா? அம்மா கவனிக்கலேன்னா குழந்தை தூக்கத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது."

அறை முழுக்க அதை எழுதிக்கொண்டது.

அதே நேரத்தில் வெளியே வராந்தாவில், அறைக்குள் தடை செய்யப்பட்ட பாப்பா என்ன செய்துகொண்டிருந்தான்? அம்மாவின் கழுத்து அட்டையைச் சப்பினான். சுவரில் போன வெளிச்சத்தைத் துரத்தினான். சிரித்தான், களைத்தான், முகத்தைத் திருப்பினான். அவள் சும்மா இருந்தாள். மறுபடி அவனே அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். கதவு இடுக்கு வழியாக நம்மவரின் குரல் வந்துகொண்டிருந்தது. "குழந்தையோட முகத்தைப் பாத்து அதோட வேகத்துல போங்க." அவள் காதைக் கதவில் வைத்து அதைக் கேட்டாள். பையன் அவள் காதைப் பிடித்து இழுத்தான்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல்தான் அந்த விபத்து நடந்தது. குழுக்களாகப் பிரிந்து, பாப்பாவை வாங்கிக்கொள்வது எப்படி, கொடுப்பது எப்படி என்று செய்து பார்க்க வேண்டும். குழுக்கள் பல, பொம்மை ஒன்று. ஒரு குழு இன்னும் பிரிவின் வேதனையை உணர்ந்து முடிக்கவில்லை. அடுத்த குழு சேர்தலின் மகிழ்ச்சிக்கு அவசரப்பட்டது. இந்தப் பக்கம் காலைப் பிடித்தார்கள், அந்தப் பக்கம் தலையைப் பிடித்தார்கள். "மெதுவா, மெதுவா, பாப்பாவுக்கு நம்பிக்கை உடையும்" என்று நம்மவர் ஓடி வருவதற்குள் உடைந்தது நம்பிக்கை அல்ல, கழுத்து.

தலையைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மார்க்கர்களைத் தேடினார்கள். அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. எத்தனை ஊர், எத்தனை சான்றிதழ், எத்தனை கைத்தட்டல், எல்லாவற்றிலும் கூட இருந்த தலை. அதோடு, அடுத்தது நேரடி விளக்கம். பொம்மை இல்லாமல் எப்படி?

"வராந்தாவில ஒண்ணு இருக்கே சார்," என்றது ஒரு குரல், உபரி நாற்காலியைச் சொல்வதுபோல.

இப்படியாகப் பாப்பா, பயிற்சிக் கூடத்துக்குள் மரியாதையோடு அழைக்கப்பட்டான்.

அம்மாவை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பையன் அவள் மடியில், முகம் பார்த்து. நம்மவர் தலையைச் சாய்த்தார், கண்ணைப் பாதி மூடினார். சன்னக் குரல் வந்தது.

"எல்லாரும் கவனிங்க. அம்மா சிரிக்கிறாங்க. பாப்பா பாக்குறானா? பாக்கல. அம்மா கூப்பிடுறாங்க. கண்ணு எங்க போகுது? மேல. அம்மா முகத்தைத் தவிர்க்கிறான். பாப்பா என்ன சொல்றான் தெரியுமா? 'அம்மா, ரெண்டு நாளா நீ உள்ள வர்றதுலயே குறியா இருந்தே. என்னோட நீ இல்ல. நான் உன்னை நம்ப மாட்டேன்.'"

மார்க்கர்கள் ஓடின. அவளுக்குக் காது சிவந்தது.

"சார், அவன் ஃபேனைப் பாக்குறான்."

"அம்மாக்கள் எல்லாரும் முதல்ல இப்படித்தான் மறுப்பாங்க," என்றார் நம்மவர், கனிவாக. கனிவுதான் அவருடைய தடி. "தப்பில்லம்மா. ஆனா உங்களுக்கே இப்ப உதவி தேவைப்படுது. புதுப் பிரிவுக்கு உங்களைப் பாத்து வச்சிருக்கிறதா மேலிடத்துல சொன்னாங்க. இந்த நிலையில நீங்க அங்க மத்த தாய்மாருக்கு எப்படி வழி காட்டுவீங்க? இதை நான் மேலிடத்துக்குச் சொல்லாம இருக்க முடியாது, பாப்பாவோட நன்மைக்காக."

பார்த்தீர்களா, ஐந்து மாதப் பிள்ளையின் பெயரில், அவன் அம்மாவை அவனிடமிருந்து பிரித்து இரவுப் பணிக்கு அனுப்பும் தீர்ப்பு, எவ்வளவு இனிமையாக எழுதப்படுகிறது. இத்தனைக்கும் நம்மவரிடம் துளியும் கெட்ட எண்ணம் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது தப்பிக்கலாம்.

முன்வரிசை டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒரு சந்தேகம். ஃபேனை நிறுத்திப் பாத்துரலாமே."

"டாக்டர், இது நுட்பமான உறவு சம்பந்தப்பட்ட விஷயம்."

"சுவிட்ச் பக்கத்துலதான் சார் இருக்கு."

டாக்டரே போய் அணைத்தார். விசிறி ஒரு முனகலோடு வேகம் குறைந்தது. பையனின் கண்ணும் அதோடு சுற்றிச் சுற்றி வந்தது, வேகம் குறைந்தது, ஓர் இறக்கையோடு போய் நின்றது. நின்றதை அவன் சற்று நேரம் சந்தேகத்தோடு பார்த்தான். பிறகு, இந்தச் செய்தியை உடனே சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான் என்பதுபோல, அப்படியே தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்து, பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தான்.

அறையில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாம் ஒன்றாக வெடித்தது. பொம்மையின் கழுத்துக்கும் சேர்த்துத்தான் சிரித்தார்கள்.

நம்மவர் அசந்துபோனார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனம் இன்னும் பிடிபடவில்லை. "பிரமாதம்," என்றார். "நான் சுட்டிக்காட்டின உடனே உறவு சரியாகுது, பாத்தீங்களா? குடுங்கம்மா பாப்பாவை, அடுத்தது வாங்கிக்கொள்ளும் முறை."

"தாத்தாகிட்டப் போடா தங்கம்," என்று அவள் நீட்டினாள்.

"மாமான்னு சொல்லலாம்," என்றார் நம்மவர்.

வாங்கினார். வாங்கியதும் அவருக்குள் ஏதோ தடுமாறியது. பொம்மைக்குக் கனம் கிடையாது. இது கனத்தது, சூடாக இருந்தது, காலால் வயிற்றை உதைத்து ஏறப் பார்த்தது. உயிருள்ள ஒன்றைக் கடைசியாக எப்போது தூக்கினோம் என்று அவர் யோசிப்பதற்குள், பையன் காலரிலிருந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் போட்டுக்கொண்டான்.

ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. சப்பும் சத்தம். ஒரு "ங்ங்ங்". பிறகு நீளமான ஓர் "ஆவ்", தன் குரலே அறையின் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்ததில் அவனுக்கே வியப்பு. நிறுத்தினான். காது கொடுத்தான். மறுபடி "ஆவ்" என்றான்.

யாரும் எழுதவில்லை. பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நம்மவர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். பையன் ஒரு கையை எடுத்து அந்த வாய்க்குள் விட்டு, கீழ் உதட்டைப் பிடித்துக்கொண்டு, அதைவிட முக்கியமான வேலை உலகத்தில் இல்லை என்பதுபோலப் பார்த்தான். நம்மவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவனுக்கு என்ன வேண்டும்? உதடா, மைக்கா, பல்லா? தெரியவில்லை. தெரியவில்லை என்று தெரிந்ததும் அவர் அவனை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். அந்த இரண்டு நாளில் அவர் நடத்திய உருப்படியான வகுப்பு அதுதான்.

மைக்கை மீட்டு, எச்சிலைத் துடைத்து, பையனைத் திருப்பி வாங்கிக்கொண்டபோது அவள் உட்காரவில்லை.

"சார், ஒரு கேள்வி. இங்க உக்காந்து பாப்பாவைப் பத்திப் பேசினவங்களுக்கெல்லாம் வருகை போட்டீங்க. வெளிய ரெண்டு நாளா ஒரு பாப்பாவோட இருந்தேனே, அதுக்கு மட்டும் எப்படி சார் ஆப்சென்ட்?"

"விதின்னு ஒண்ணு..."

"உங்க விதிதானே சார். நீங்களே சொன்னீங்க. எனக்கு அந்தப் பகல் வேலை வேணும். நான் தப்பா எதையாவது செஞ்சிருந்தா என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா இவன் பேரைச் சொல்லி அந்த வேலையைப் பறிக்காதீங்க. இவன் அப்படி ஒண்ணும் சொல்லல."

டாக்டர் மட்டும், "நியாயந்தானே," என்று விசிறியைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் ஒருத்தி தலையாட்டினாள். பிறகு வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின. கழுத்து அட்டைகளும் கூடவே ஆடின.

நம்மவர் உள்ளுக்குள் திண்டாடினார். அவள் சொன்னது சரி என்று அவருக்குப் பட்டுவிட்டது. கையில் இன்னும் அந்தச் சூடு இருந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால், சொந்தக் குரலில், 'நான் செய்தது தவறு' என்று சொல்வது எப்படி? அந்தக் குரலை எங்கே கழற்றி வைத்தார் என்பதே அவருக்கு நினைவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பையன் அம்மா தோளில் சாய்ந்து ஏப்பம் விட்டான்.

நம்மவரின் தலை மெல்லச் சாய்ந்தது. கண்கள் பாதி மூடின.

"பாப்பா இப்ப என்ன சொல்றான் தெரியுமா?" என்றார். "'மாமா, அம்மாவுக்குச் சான்றிதழைக் குடுத்துருங்க'ங்கிறான்."

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கூரையைப் பார்த்தார். மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரை வந்தது. பகல் வேலையை நினைத்து விழுங்கிக்கொண்டாள். "சரி சார்," என்றாள். "அவன் சொன்னா சொன்னதுதான்."

நம்மவர் அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பலத்த கைத்தட்டல். அது யாருக்கு என்று அவர் யோசிக்கவில்லை, குனிந்து ஏற்றுக்கொண்டார். சாயங்காலம் பெட்டியை உருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். அங்கே இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்கிறார் என்று கேள்வி. விசிறி அதில் வருவதில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இந்த இனத்துக்குச் சான்றிதழோ பெட்டியோ கட்டாயமில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு நெரிசலான பேருந்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுததே, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாளே, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பி, "பசிக்குதும்மா அதுக்கு" என்றாரே, அவள் இப்போதுதான் பால் கொடுத்தேன் என்றதும், "அப்ப வயித்து வலி. சட்டையும் இறுக்கமா இருக்கு பாருங்க. உங்க டென்ஷன் அதுக்குத் தெரியுது" என்று அடுக்கினாரே, அவரை உங்களுக்குத் தெரியுமா? முகம் எங்கோ பார்த்த முகமாக இல்லை? காலையில் கண்ணாடியில்?

பாப்பா சார்பில் அத்தனை வாதாடினீர்களே. அந்த அம்மா உட்கார எழுந்து இடம் கொடுத்தீர்களா?